போதும் டீச்சர்

காரில் ஏறியதும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். சொல்லிக்கொடுக்கிறவருக்கென்று தன் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் வெறுங்காலை வைக்காமல், ஒரு விரற்கடை மேலே நிறுத்திக்கொள்கிறாள். பிறகு பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து நிதானமாக உரிக்கத் தொடங்குகிறாள். ஓட்டுகிறவருக்கு அப்போதுதான் உள்ளங்கை வியர்க்க ஆரம்பித்திருக்கும்.

"செருப்பு நடுவுல இருந்தா வண்டி என்ன சொல்லுதுன்னு காலுக்குக் கேக்காது," என்பாள். பழத்துக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறாள். "பக்கத்துல இருக்கிறவ கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா ஓட்டுறவங்களுக்கு உசுரே போயிரும். நான் பாட்டுக்குப் பழம் உரிச்சா, சரி, இவளே நிம்மதியா இருக்காளேன்னு தைரியம் வரும்." நன்றாக ஓட்டியவருக்கு வகுப்பு முடிந்ததும் இரண்டு சுளை கிடைக்கும். சுவரில் உரசியவருக்கும் கிடைக்கும். அவருக்குத்தான் அது அதிகம் தேவை என்பது அவள் கட்சி.

'நிறுத்து' என்று மட்டும் சொல்லவே மாட்டாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் புதியவர்கள் பதறிப்போய்க் காலுக்கு அகப்பட்டதை மிதித்துவிடுகிறார்கள். காலுக்கு அகப்படுவது பெரும்பாலும் ஆக்ஸிலேட்டராக இருக்கிறது. அதனால், தட்டில் பரிமாறுகிறவரைத் தடுக்கிற குரலில், "போதும்... போதும்..." என்பாள். கால் தானாகத் தளரும், வண்டி தானாக நிற்கும். அப்படித்தான் அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் 'போதும் டீச்சர்' என்று பெயர் வந்தது.

வயது அறுபதை நெருங்குகிறது. கனத்த உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத சின்னப் பாதங்கள். வெயிலுக்காக மேலே ஒரு சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொள்கிறாள். ஆண்கள் சட்டை. தோளிலும் மார்பிலும் எதையோ பிரித்தெடுத்த தையல் துளைகள் வரிசையாகத் தெரியும். அவள் கணவர் வாகன இன்ஸ்பெக்டராக இருந்த காலத்துச் சீருடை அது. பட்டைகளையும் பெயர்த் தகட்டையும் அவளே உட்கார்ந்து பிரித்தாள். "நல்ல துணிங்க. தூக்கிப் போட மனசு வரல," என்பாள். அவர் சிறையில் இருந்த நாட்களில் யாராவது அவரைப் பற்றி விசாரித்தால், அதே குரலில், "உள்ள இருக்காரு," என்பாள். "அப்படியா, கூப்பிடுங்க, ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போறேன்," என்று வீட்டு வாசலில் நின்று சொன்னவர்களும் உண்டு.

ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களை மைதானத்தில் ஓட்டச் சொல்லி, வளைக்கச் சொல்லி, பின்னால் எடுத்து நிறுத்தச் சொல்லி, தேறியவர்களுக்குக் கையெழுத்துப் போடுவது இன்ஸ்பெக்டரின் வேலை. அதில் கையெழுத்தை மட்டும் அவர் ஒழுங்காகச் செய்தார். புரோக்கர் மூலமாக வந்தவர்கள் மைதானத்துப் புழுதியைக்கூட மிதிக்க வேண்டியதில்லை. "பாஸ் பண்ணி விட்டுர்றேன், போ," என்பது, மற்றவர்கள் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதைப்போல, அவர் வாயில் சகஜமாக வரும். ஊரில் பாதிப் பேர் சட்டைப்பையில் லைசென்ஸை வைத்துக்கொண்டு பேருந்தில் போய் வந்தார்கள். மீதிப் பேர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்ததுதான் வினை.

அவர் ஓய்வு பெற்று வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்த சில நாட்களில், ஒரு பள்ளி வேன் ரொட்டிக் கடைச் சுவரில் மோதியது. குழந்தைகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஓட்டியவனை விசாரித்தார்கள். அவன் மைதானத்தில் ஓட்டிக் காட்டித் தேறினான் என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருந்த அன்று, அவன் குடல்வால் அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்திருக்கிறான். ஒரு நூலைப் பிடித்து இழுக்க, சட்டையே பிரிந்து வந்தது. வழக்கு நடந்தது. மூன்று வருஷம் சிறை என்று தீர்ப்பானது.

தீர்ப்புக்கு அடுத்த மாதம் ஓய்வூதியம் வரவில்லை. வங்கியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு போனாள். வங்கிக்காரர் ஓய்வூதிய அலுவலகத்துக்குக் கையைக் காட்டினார். அங்கே வரிசையில் நின்றபோதுதான், தன் வாழ்க்கையில் ஓர் அரசு அலுவலகத்தில் தானே வரிசையில் நிற்பது இதுவே முதல் தடவை என்று அவளுக்கு உறைத்தது. அதுவரை அவளுக்காக யாராவது நின்றிருந்தார்கள்.

அந்தப் பிரிவின் அதிகாரி நாற்பது வயதுக்காரர். தண்ணீர் டம்ளருக்கு மூடி போட்டு வைப்பவர். எதையும் சொல்வதற்கு முன்னால் பேனாவை ஒருமுறை மூடித் திறப்பவர்.

"நிறுத்தி வெச்சிருக்கோம்மா," என்றார். "தண்டனை அனுபவிக்கிற காலத்துக்குப் பென்ஷன் கிடையாது. அவரு வெளிய வந்ததும் திரும்ப வர ஆரம்பிச்சுரும்."

"நடுவுல உள்ளது?"

"அது போனது போனதுதான்."

அவள், "தப்பு பண்ணினவருக்கு உள்ள சோறு போட்டுர்றாங்க. பண்ணாதவளுக்கு யாரு சார் போடுவா?" என்றாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "நியாயமான கேள்விதான். அதுக்கும் ஒரு வழி இருக்கு." சிறைக்குப் போனவரையே முழுக்க நம்பியிருக்கும் மனைவி, தனக்கு வேறு வருமானம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால், ஓய்வூதியத்தில் பாதியை அவள் பேருக்குத் தருவார்கள். ஆனால் விசாரணை, அது, இது என்று முடிந்து வரப் பல மாதம் ஆகும். அவள் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அது முழு உண்மை.

பல மாதம் என்றால் அதுவரை என்ன செய்வது? மகள் வெளியூரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். "அம்மா, பேசாம இங்க வந்துரு. பசங்களையும் பாத்துக்கலாம்." மகள் நல்லவள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தாள் என்பதும் உண்மை. "வர்றேன், வர்றேன்," என்று சொல்லிக்கொண்டே அவள் வளையல்களை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டாள்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அப்பா பால் லாரி ஓட்டியவர். பால் பண்ணை முற்றத்தில், காலி கேன்கள் கடகடக்க, பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு லாரியையே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். உரிமம்கூட முறையாக வாங்கினாள். கல்யாணமானதும் இன்ஸ்பெக்டர் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "நாள் பூரா கண்டவங்க ஓட்டுறதப் பாத்துட்டு வர்றேன். வீட்டுலயும் அதப் பாக்கணுமா?" அன்று பக்கத்து இருக்கைக்குப் போனவள்தான். அவர் பிரேக் பிடிக்க வேண்டிய இடம் வரும்போதெல்லாம் அவள் கால் தானாகத் தரையை அழுத்தும். அவர்கள் வீட்டுக் காரில் அவள் பக்கத்து மிதியடி மட்டும் சீக்கிரம் சீக்கிரம் ஓட்டை விழும். ஏன் என்று இன்ஸ்பெக்டருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சலவைக் கடைக்கு எதிரே இருந்த டிரைவிங் ஸ்கூலில் 'பெண் பயிற்சியாளர் தேவை' என்று ஒட்டியிருந்தார்கள். அவள் அதை மூன்று நாள் போகும்போதும் வரும்போதும் பார்த்தாள். நாலாம் நாள் உள்ளே போனாள். முதலாளி பல்குச்சியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஓட்டுவீங்களாக்கா?"

அவள் சாவிக்குக் கையை நீட்டினாள். ஸ்கூல் கார் ஒரு சந்துக்குள், தண்ணீர் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. லாரிக்காரர் வந்து எடுத்தால்தான் உண்டு என்று முதலாளியே விட்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறி, காரைப் பின்னாலேயே எடுத்துச் சந்து முனைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். முதலாளி பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அவர் வழக்கத்தில் அது பெரிய மரியாதை.

யார் வீட்டுக்காரி என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். பின்னால் தெரிந்து முகம் சுளிப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடட்டும் என்றுதான். முதலாளி சிரித்தார். "அவரு இருந்த வரைக்கும் ஓட்டக் கத்துக்குறதுக்குன்னு ஒருத்தரும் வரலக்கா. எல்லாரும் லைசென்ஸ் வாங்கத்தான் வந்தாங்க. இப்பதான் பயந்துபோய்க் கத்துக்க வர்றாங்க. நீங்களே வந்து சொல்லிக் குடுங்க. அதுவும் ஒரு கணக்குதான்."

இப்படித்தான் கணவர் பாஸ் பண்ணி விட்டவர்களுக்கு மனைவி ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள்.

அவள் பேச்சே ஒரு தினுசு. கிளட்ச்சைப் பற்றி, "தூங்குற குழந்த கையிலேர்ந்து பொம்மைய உருவுற மாதிரி விடணும். வெடுக்குன்னு இழுத்தீங்க, முழிச்சுக்கும்," என்பாள். ஸ்டியரிங்கை நெரிக்கிறவரிடம், "அது கழுத்து இல்லைங்க. அதுகிட்ட என்ன பகை?" என்பாள். எதிரே வரும் லாரியைப் பார்த்து உறைந்துபோகிறவரிடம், "அவரை விடுங்க, அவரு வீட்டுக்குப் போறாரு. நீங்க உங்க வழியப் பாருங்க." அவள் காரில் யாரும் அழுததில்லை. ஒரு பல் வைத்தியர் மட்டும், முதல் தடவையாக நெரிசலான கடைத்தெருவைத் தாண்டி வந்ததும், வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். அவளும் காரணம் கேட்காமல் கூடச் சிரித்தாள்.

சாயங்காலம் கடைசி வகுப்பு முடிந்ததும் காரைக் கொட்டகையில் கொண்டுபோய் விட வேண்டும். நாளில் அவளுக்கு மிகவும் பிடித்த நேரம் அது. ஓட்டுகிற இருக்கையில் அவள், பக்கத்தில் ஆளில்லை. நேர்வழி இருக்க, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவாள். முதலாளிக்கு அது தெரியும். பெட்ரோலைப் பற்றி அவர் வாயைத் திறந்ததில்லை.

ஒரு நாள் காலை, வகுப்புக்கு வந்திறங்கிய புதிய ஆளைப் பார்த்தால், ஓய்வூதிய அலுவலகத்து அதிகாரி. புதுக் கார் வாங்கி வாசலில் போர்வை போர்த்தி நிறுத்தியிருக்கிறார். "மழக்காலம் போகட்டும்னு பாக்குறேன்," என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி, மழைக்காலமும் போய்விட்டது. லைசென்ஸ் இருக்கிறதா என்று அவள் வழக்கப்படி கேட்டாள். அவர் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். பழைய அட்டை. கீழே இருந்த கையெழுத்தின் கடைசி எழுத்து ஒரு சுழி சுழித்து மேலே ஏறியது. மகளின் மதிப்பெண் அட்டையிலெல்லாம் அவள் பார்த்த சுழி.

"உங்க ஃபைல்ல இதே கையெழுத்தப் பாத்தப்ப எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு," என்றார் அதிகாரி. காது சிவந்திருந்தது. "தப்புதாம்மா. அப்ப எல்லாரும் அப்படித்தான்..."

"நானும் அந்த வீட்டுலதான சார் சாப்பிட்டேன்," என்றாள் அவள். "பெல்ட்டப் போடுங்க."

நல்ல மாணவர். பயம் மட்டும் அதிகம். சாலையில் நாய் படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை காத்திருப்பார். சில வாரங்களில் கடைத்தெருவைத் தாண்டினார். ரயில் பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கக் கற்றுக்கொண்ட அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் தோற்றுப்போவான். பாலத்துக்கு மேலே ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, அந்த மகிழ்ச்சியோடேயே அவர் சொன்னார்:

"டீச்சரம்மா, உங்களுக்கும் ஒரு நல்ல சேதி இருக்கு. விசாரணை முடிஞ்சிருச்சு. பாதி உங்க பேருக்கு வந்துரும். வேற வருமானம் இல்லன்னு கடைசியா ஒரு தடவ எழுதிக் குடுத்தாப் போதும்."

"இருக்கே சார். நீங்கதான குடுக்குறீங்க."

"இதெல்லாம் ஒரு வருமானமா? வேலைய விடவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். யாரும் வந்து பாக்கப்போறதில்ல, பேப்பர் என் மேசையிலதான் இருக்கு. நீங்க எழுதுங்க, நான் பாஸ் பண்ணி விட்டுர்றேன்."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த வார்த்தை காதில் விழும்போது எவ்வளவு இதமாக இருக்கிறது என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. மைதானத்தில் நின்றவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். சொன்னவரும் கெட்டது செய்கிறோம் என்று நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். எதிரில் நிற்கிற ஆளின் முகம் மலர்வதைப் பார்க்க அவருக்குப் பிடித்திருக்கும்.

"எங்க வீட்டுக்காரர் சொல்ற மாதிரியே சொல்றீங்க சார்," என்றாள், கோபமில்லாமல்.

அதிகாரியின் கால் கிளட்ச்சிலிருந்து நழுவியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். உண்மையிலேயே யோசிக்கவும் செய்தாள். அந்தப் பாதி, ஸ்கூலில் கிடைப்பதைவிட அதிகம். வீட்டில் தண்ணீர் மோட்டார் இழுப்பு வந்தவரைப்போல இருமிக்கொண்டிருந்தது. கடைவாய்ப் பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. மகளிடம் சொன்னபோது, "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? கண்ண மூடிக்கிட்டு எழுதிக் குடு," என்றாள். கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்யாதே என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறவளுக்குச் சிரிப்பு வந்தது.

பார்வையாளர் நாளன்று சிறைக்குப் போனாள். நீண்ட அறை, நடுவில் கம்பி வலை, இரண்டு பக்கமும் பெஞ்சுகள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவதால் கத்தித்தான் பேச வேண்டும். இன்ஸ்பெக்டர் இளைத்திருந்தார். ஆனால் முகச்சவரம் சுத்தமாக இருந்தது.

"எழுதிக் குடு," என்றார் உடனே. "இதப் போயா கேக்க வந்த? அந்த வேலைய விட்டுத் தொலை. பெரிய கலெக்டர் உத்தியோகம்."

"விடாமலே எழுதலாமாங்க. பாஸ் பண்ணி விட்டுர்றேங்கிறாரு."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அந்த வார்த்தை எங்காவது போய்த் தட்டுகிறதா என்று பார்த்தாள். இன்ஸ்பெக்டர், "அப்புறம் என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. நான் எழுதப்போறதில்ல."

"உனக்கென்ன பைத்தியமா? அது என் பணம். நான் உழைச்சது."

"உங்க பணம்தாங்க. நீங்க வெளிய வந்து வாங்கிக்குங்க. என்கிட்ட உங்களையே நம்பி இருக்கேன்னு எழுதித் தரச் சொல்றாங்க. நான் அப்படி இல்லையே. நாலு பேருக்கு முன்னாடி சந்தோஷமாச் சொல்லிக்கிற மாதிரி என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். அதப் போய் இல்லன்னு எழுதவா?"

அவர் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள், தனக்கு வருமானம் உண்டு, பாதி வேண்டாம் என்று எழுதி அதிகாரியின் மேசையில் வைத்தாள். அவர் படித்தார். பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு, "நாளைக்குக் காலையில வகுப்பு உண்டுதான டீச்சர்?" என்றார். 'டீச்சரம்மா'வில் வால் போலிருந்த 'அம்மா' அன்று விழுந்துவிட்டது.

அங்கிருந்து நேரே முதலாளியிடம் போனாள். "தம்பி, நான் ஒரு பெரிய வரும்படிய விட்டுட்டு வந்திருக்கேன். நீங்க பாத்துச் செய்யணும்."

"நான் என்னக்கா செய்ய முடியும்?"

"காலையில பெண்களுக்குன்னு தனி வகுப்பு போடுங்க. வாசல் பலகையில என் பேரப் போடுங்க. மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

பலகை எழுதுகிறவரிடம் சொந்தப் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது என்று முதலாளிதான் 'போதும் டீச்சர்' என்று எழுதச் சொன்னார். ஒரு மாதத்தில் இரண்டாவது கார் வாங்க வேண்டியதாயிற்று. தண்ணீர் மோட்டாரின் இருமல் நின்றது. ஆடிய பற்களை, கடைத்தெருவைத் தாண்டிச் சிரித்த அந்தப் பல் வைத்தியரே கவனித்துக்கொண்டார். "வாயப் பெருசாத் திறங்க டீச்சர், பயப்படாதீங்க, நான் பழம் உரிக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் பிடுங்கினார்.

இன்ஸ்பெக்டர் மட்டும் வரவில்லை. அடுத்தடுத்த பார்வையாளர் நாட்களில், உடம்பு சரியில்லை என்று காவலர் வந்து சொன்னார். அவள் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, கொண்டுபோன துணிமணிகளைக் கொடுத்துவிட்டு வருவாள். அதற்காக அவள் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தாள் என்று சொல்ல முடியாது. காலை வகுப்புக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

பிறகு ஒரு தடவை வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கம்பி வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த வண்டி?" என்றார் கடைசியில்.

சொன்னாள்.

"அதுல கியர் இறுக்கமா இருக்குமே."

"இருக்குங்க. நடுவுல கொண்டுவந்து ஒரு மூச்சு விட்டுட்டுப் போடுங்கன்னு சொல்றேன்."

"ம்," என்று தலையை ஆட்டினார். "என் கொட்டடியில ஒருத்தன் இருக்கான். நான்தான் லைசென்ஸ் குடுத்தேனாம். தினமும் காலையில வணக்கம் சொல்றான்."

"எதுக்கு உள்ள வந்தானாம்?"

பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெண் தன் மகனிடம் பல் தேய்க்கிறாயா என்று கத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். "வண்டி ஏத்திட்டான்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு கிழவனார் மேல." அன்று அவள் விடைபெற்று எழுந்தபோது அவரும் எழுந்து, கதவுவரை அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்டனை முடிந்து வீட்டுக்கு வந்தார். சிறை அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தது: போர்வையை மூலை பிசகாமல் மடிப்பது. வீட்டில் போர்வை தீர்ந்ததும் துண்டுகளை மடித்தார். அப்புறம் கைக்குட்டை, அடுப்படித் துணி. அலமாரியைத் திறந்தால் செங்கல் அடுக்கியதுபோல இருக்கிறது என்று அவள் மகளிடம் சொல்லிச் சிரித்தாள். அடுத்த மாதம் ஓய்வூதியமும் வந்தது. வங்கியிலிருந்து சேதி வந்த கையோடு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இனிமே நீ போக வேண்டாம்," என்றார்.

"நேரமாச்சுங்க. கதவத் தாழ் போட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவருடைய உரிமம் உள்ளே இருந்தபோதே காலாவதியாகியிருந்தது. இத்தனை நாள் கழிந்ததால் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும் என்றார்கள். "எல்லாம் நம்ம பசங்கதான், ஒரு வார்த்த சொன்னாப் போதும்," என்று கிளம்பிப் போனார். மத்தியானம் திரும்பி வந்து, "எல்லாம் புது ஆளுங்க," என்று மட்டும் சொன்னார்.

ஸ்கூல் காரிலேயே அவரை மைதானத்துக்கு அழைத்துப் போனாள். வெயிலில் வரிசை. அவருக்கு முன்னால் ஒரு மீன்கடைக்காரர், பின்னால் கல்லூரிப் பெண்கள். புது இன்ஸ்பெக்டர் ஒரு சின்னப் பெண். இவர் யார் என்று அவளுக்கு யாரோ காதில் சொன்னது தூரத்திலிருந்தே தெரிந்தது. அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இவர் முறை வந்தது. முன்னால் நன்றாகத்தான் ஓட்டினார். பின்னால் எடுத்து நிறுத்தும்போது, எல்லை காட்ட நட்டிருந்த கம்பங்களில் ஒன்றை இடித்துச் சாய்த்தார். இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். இன்னொரு கம்பமும் சாய்ந்தது.

"இன்னைக்கு வேண்டாங்கய்யா. பழகிட்டு வாங்க," என்றாள் அந்தப் பெண், மரியாதையாகத்தான்.

திரும்பும்போது டீச்சர் ஓட்டினாள். இன்ஸ்பெக்டர் பக்கத்து இருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏரிக்கரை வந்ததும், "அந்தப் பொண்ணுக்குக் கை கொஞ்சங்கூட நடுங்கல," என்றார்.

"எப்பங்க?"

"ஃபெயில்னு எழுதுறப்ப." தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தார். "சரியாத்தான் எழுதினா. காலையில எத்தன மணிக்கு ஒழியும் உனக்கு?"

"பெண்கள் வகுப்பு முடிஞ்சதும் வாங்க," என்றாள்.

மறுநாள் வந்தார். முதலாளி எழுந்து நின்று பல்குச்சியை எடுத்தார். சின்னத் தெருக்களில் எல்லாம் சரியாகப் போயிற்று. நாற்சந்தியில் பச்சை விழுந்ததும் வண்டி அணைந்துவிட்டது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரனை அழுத்தத் தொடங்கினார்கள். ஒரு பேருந்து, இரண்டு லாரி, எத்தனையோ கார்கள். இன்ஸ்பெக்டரின் பிடரியில் வியர்வை இறங்கியது. "நீயே எடுத்துரு," என்றார், அவள் பக்கம் திரும்பாமல்.

அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். கையை முழுசாக வெளியே நீட்டி, எல்லாரும் சுற்றிக்கொண்டு போங்கள் என்று, அவசரமே இல்லாமல் வீசிக் காட்டிக்கொண்டிருந்தாள்.